ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? இரண்டாக வாங்குங்கள்

"எந்த கம்பெனி ஹார்ட் டிஸ்க் கெட்டே போகாது?" புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அப்படி ஒரு டிஸ்க்கை இதுவரை யாரும் செய்யவில்லை என்று சொன்னதும் கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். சரி, கெட்டுப்போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் நம் வேலைக்குப் பொருந்தாத டிஸ்க்கை வாங்காமல் தப்பிக்கலாம். வாங்கியதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாள் அது கண்ணை மூடினாலும் ஒரு போட்டோகூடத் தொலையாதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. படிக்கவும் எழுதவும் ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சின்ன முனை உண்டு, 'ஹெட்' என்பார்கள். ஓடும்போது அது தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் எழும் காற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். இது தெரிந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மேசைமேல் 'டக்'கென்று வைக்க யாருக்கும் மனம் வராது.

1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டும் சேர்ந்து கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே சில சமயம் அது போதாது. அளவுதான் மாறியிருக்கிறது. சுழலும் தட்டு, நகரும் முனை என்ற அடிப்படை இன்றும் அதேதான். ஓடுகிற பொருள் எதுவானாலும் தேயத்தான் செய்யும்.

1. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விண்டோஸ் போன்ற இயங்குதளமும் அன்றாடம் திறக்கும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிப்பது) இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்க முனை நகர வேண்டும், தட்டு சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து மில்லிநொடிக்கு மேல் போய்விடும். கணினி எழுந்திருக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பும் இல்லை. பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்தும் எஸ்.எஸ்.டி.தான்.

போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த ஆவணங்கள், பேக்கப் ஆகியவற்றுக்கு ஹார்ட் டிஸ்க். ஒரு ஜி.பி.க்கு ஆகும் செலவு அதில் குறைவு. பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிப்பதும் எழுதுவதும் என்றால் நொடிக்கு 150 முதல் 250 எம்.பி. வரை கொடுக்கும், வீட்டுக்கு அது தாராளம்.

"எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.யிலேயே வைத்தால் என்ன?" என்று கேட்கலாம். பணம் இருந்தால் வைக்கலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். எஸ்.எஸ்.டி. போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். நேற்று வரை நன்றாக இருந்தது இன்று கணினிக்குக் கண்ணில் படாது. அடுத்து, எழுதி எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் இல்லாமல் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அதில் உள்ள தகவல் மங்கத் தொடங்கும். ஆக, 'எழுதி மூடி வைத்துவிட்டு ஐந்து வருஷம் கழித்துத் திறப்பேன்' என்கிற வேலைக்கு எஸ்.எஸ்.டி. பொருந்தாது.

எழுதியே தேய்ந்துவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். நல்ல 1 டி.பி. (ஆயிரம் ஜி.பி.) எஸ்.எஸ்.டி. ஒன்றின் விவரத்தாளில் 600 டி.பி. வரை எழுதலாம் என்று பரவலாகப் போட்டிருப்பார்கள். தினமும் 30 ஜி.பி. எழுதினாலும் அதைத் தொட ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கணினியே பழம்பொருள் ஆகியிருக்கும்.

2. எவ்வளவு கொள்ளளவு, எந்த அளவுப் பெட்டி

இப்போது கையில் உள்ள ஃபைல்கள் எல்லாம் எத்தனை ஜி.பி. என்று பாருங்கள். அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு வாங்கினால் நான்கைந்து ஆண்டுக்குத் தொல்லை இருக்காது. அதற்கு மேல் பெரிதாக வாங்கி வெறுமனே வைத்திருப்பதைவிட அந்தப் பணத்தில் இரண்டாவது டிஸ்க் வாங்குவது மேல். ஏன் என்று பின்னால் வருகிறது.

1 டி.பி. டிஸ்க்கை மாட்டியதும் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024 1024ஆக வகுக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். 4 டி.பி. என்றால் 3725 ஜி.பி.யை ஒட்டி வரும்.

மேசைக் கணினிக்கு 3.5 அங்குல டிஸ்க் வாங்குங்கள். மடிக்கணினிக்குள் போவது 2.5 அங்குலம், அதிலும் தடிமன் 7 மி.மீ., 9.5 மி.மீ., 15 மி.மீ. என்று மாறும், 15 மி.மீ. டிஸ்க் பொதுவாக மடிக்கணினிக்குள் நுழையாது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், 2.5 அங்குலத்துக்கு 5 வோல்ட்டே போதும். அதனால்தான் சின்ன போர்ட்டபிள் டிஸ்க் யு.எஸ்.பி. கேபிளிலேயே ஓடுகிறது, பெரியதற்குத் தனி அடாப்டர் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து, மதர்போர்டில் காலியான சாட்டா முனை (டிஸ்க்கின் கேபிளை மாட்டும் இடம்) இருக்கிறதா, பவர் சப்ளையிலிருந்து சாட்டா பவர் கேபிள் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிஸ்க்கை வாங்கிவந்த பிறகு கேபிளுக்காக இன்னொரு தடவை அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

3. சி.எம்.ஆர். அல்லது எஸ்.எம்.ஆர்.: இதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத, ஆனால் அன்றாடம் நம்மைப் படுத்தக்கூடிய விஷயம் இது. தட்டில் தகவல் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றை ஒன்று தொடாமல் எழுதுவது சி.எம்.ஆர். கூரை ஓடுகளை அடுக்குவதுபோல ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடும்படி எழுதுவது எஸ்.எம்.ஆர். அப்படி அடுக்கினால் அதே தட்டில் அதிகம் அடங்கும், செய்வதற்கும் செலவு குறையும்.

சிக்கல் திருத்தும்போதுதான் வருகிறது. நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா? எஸ்.எம்.ஆர். டிஸ்க்கும் அதையே செய்கிறது. ஒரு சின்ன மாற்றத்துக்காகப் பக்கத்தில் உள்ள பெரிய பகுதியையும் படித்து மறுபடி எழுதுகிறது. இந்த வேலை வெளியே தெரியாமலிருக்க, வருவதை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வாங்கிவைத்துக்கொண்டு ஓய்வு கிடைக்கும்போது ஒழுங்குபடுத்தும். அந்தப் பகுதி நிரம்பும்வரை வேகம் பிரமாதமாக இருக்கும். நிரம்பிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

எனக்கு அது நேர்ந்தது ஒரு இரவில். போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றுக்கு ஒன்றரை டி.பி. வீடியோவை அனுப்பிவிட்டுத் தூங்கப்போனேன். தொடங்கும்போது நொடிக்கு 130 எம்.பி. காலையில் எழுந்து பார்த்தால் 15 எம்.பி.யில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிஸ்க் பழுது என்று நினைத்து வாங்கிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் மாட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை. பழுது ஒன்றும் இல்லை, அதன் சுபாவமே அதுதான்.

எஸ்.எம்.ஆர். என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒருமுறை எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் போட்டோ சேமிப்புக்கு அது போதும். அடிக்கடி எழுதி அழிக்கும் வேலைக்கும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து நெட்வொர்க்கில் பகிரும் நாஸ் பெட்டிகளுக்கும்தான் ஆகாது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்களை வெளியே சொல்லாமல் எஸ்.எம்.ஆர். ஆக்கியிருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு சி.எம்.ஆர். மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் எந்த மாடல் எந்த வகை என்று தங்கள் தளத்தில் பட்டியல் போடுகின்றன. டிஸ்க்கின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வகையும் வரும். முழு மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

பட்டியலில் கிடைக்காவிட்டால் ஒரு குத்துமதிப்பு: 2 டி.பி. போன்ற சின்ன டிஸ்க்கில் 256 எம்.பி. கேஷ் (டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) என்று பெரிதாகப் போட்டிருந்தால் எஸ்.எம்.ஆராக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய கொள்ளளவுள்ள 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குகளை எஸ்.எம்.ஆர். என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த வரிசை, எந்த கம்பெனி

ஒரு காலத்தில் ஹார்ட் டிஸ்க் செய்ய எத்தனையோ கம்பெனிகள் இருந்தன. 2006இல் மேக்ஸ்டாரையும் 2011இல் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவையும் சீகேட் வாங்கியது. 2012இல் ஹிட்டாச்சியின் பிரிவை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இன்று மிஞ்சியிருப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்றுதான். போர்ட்டபிள் டிஸ்க்கின் உறைமேல் வேறு என்ன பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூவரில் ஒருவர் செய்தது.

மூவரும் மேசைக் கணினிக்கு, நாஸுக்கு, கண்காணிப்புக் கேமராவுக்கு, சர்வருக்கு என்று தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள். மேசைக் கணினி வரிசை நாளுக்கு எட்டு மணி நேரம் போல ஓடும் என்ற கணக்கில் செய்தது. ஆண்டுக்கு 55 டி.பி. வேலை என்று பல மாடல்களில் குறித்திருப்பார்கள். நாஸ் வரிசை இரவு பகலாக ஓடுவதற்கானது, 180 டி.பி. அல்லது அதற்கு மேல். வாரண்டியும் முறையே 2, 3 ஆண்டுகள் என்று இருக்கும். அதற்கும் மேலான வரிசைகளில் 5 ஆண்டு கிடைக்கும். கேமராவுக்கான டிஸ்க் நிற்காமல் வீடியோ எழுதுவதற்குப் பழக்கியது, வீட்டுக் கணினிக்கு அதை வாங்கக் காரணம் இல்லை. சர்வர் டிஸ்க் உறுதியானது, ஆனால் அதன் கடகட சத்தத்தைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

என் பரிந்துரை கேட்டால், மேசைக் கணினிக்குள் நிரந்தரமாக இருக்கப்போகும் டிஸ்க்குக்குச் சற்று அதிகம் கொடுத்து சி.எம்.ஆர். என்று உறுதியான நாஸ் வரிசையில் ஒன்று வாங்குங்கள். 5400 சுற்றாக இருந்தால் சூடும் சத்தமும் குறைவு. சேமிப்புக்கு 7200 தேவையில்லை.

இனி அந்தப் பழைய கேள்வி. எந்த கம்பெனி? நாம் இரண்டு மூன்று டிஸ்க் வாங்கிய அனுபவத்தில் எதையும் சொல்ல முடியாது. "நான் வாங்கியது ஆறே மாதத்தில் போச்சு, அந்த கம்பெனிப் பக்கமே போகாதே" என்று ஒருவர் சொல்வார். அதே கம்பெனி டிஸ்க் பத்து வருஷமாக ஓடுகிறது என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்வார். இரண்டும் உண்மை, இரண்டாலும் பயன் இல்லை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டுகிறவர்கள் சொன்னால்தான் கேட்கலாம். இணையத்தில் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எது எத்தனை செத்தது என்று 2013 முதல் கணக்கு வைத்து, காலாண்டுதோறும் மாடல் வாரியாக வெளியிடுகிறது. 2023இல் அங்கே ஆண்டுத் தோல்வி விகிதம் 1.4 சதவீதம். நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். சீகேட்டின் ஒரு 3 டி.பி. மாடல் அங்கே கொத்துக் கொத்தாகச் செத்தது. அதே சீகேட்டின் ஒரு 6 டி.பி. மாடல் பல ஆண்டுகள் பட்டியலின் மிக நல்ல டிஸ்க்குகளில் ஒன்றாக நின்றது. ஆகவே கம்பெனியைப் பார்க்காதீர்கள், மாடலைப் பாருங்கள். அதிலும் வந்து சில மாதமே ஆன மாடலைவிட, ஒன்றிரண்டு ஆண்டு சந்தையில் அடிபட்டுத் தேறிய மாடல் நல்லது.

5. விவரத்தாளில் எதை நம்புவது

எம்.டி.பி.எஃப்., அதாவது இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம், 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் 114 ஆண்டு வரும். பேரன் காலம் வரை உழைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் டிஸ்க்குகளை ஒரு வருஷம் இரவு பகலாக ஓட்டினால் அதில் ஒன்பது போல செத்துப்போகும் என்பதே அதன் பொருள். அந்த ஒன்பதில் ஒன்று உங்கள் கையில் இருப்பதாகவும் இருக்கலாம்.

வாரண்டியைப் பார்த்து மயங்குவதும் இப்படித்தான். ஐந்து ஆண்டு வாரண்டி என்பது செத்த டிஸ்க்குக்குப் பதில் வேறு டிஸ்க் தருவதற்கான உறுதி. உள்ளே இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவை அதில் சேர்த்துத் தரமாட்டார்கள். என்றாலும், நீண்ட வாரண்டி கொடுக்கும் வரிசையை நான் விரும்புகிறேன். சீக்கிரம் சாகும் பொருளுக்கு யாரும் ஐந்து வருஷம் பொறுப்பேற்க மாட்டார்கள்.

6. வாங்கும்போது

புதிய டிஸ்க் மின்காப்புப் பையில் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் பெட்டிக்குள் டிஸ்க் அசையாமல் இருந்ததா என்று பாருங்கள். ஒரு பெரிய பெட்டியில் உருண்டுகொண்டு வந்த டிஸ்க்கை நான் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று வரும். 'இது நேரடி விற்பனைக்கானது அல்ல' என்ற மாதிரி வந்தால் அது கணினி செய்யும் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போன சரக்கு. அதற்கான பொறுப்பைத் தயாரிப்பாளர் உங்களிடம் ஏற்க மாட்டார்.

பழைய டிஸ்க்கைப் புதுசு என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் டேட்டா சென்டர்களுக்கான சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியபின், ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியதாக விற்கப்பட்டது வெளிவந்தது. டிஸ்க்குக்குள் தனியாக இருந்த இன்னொரு பதிவேட்டில் அந்தக் கணக்கு அழியாமல் இருந்ததால்தான் குட்டு உடைந்தது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமலிருப்பதே நல்லது.

போர்ட்டபிள் டிஸ்க் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முனை உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றிக் கணினிக்குள் மாட்டிப் படிக்க வழியில்லை. கேபிளை ஆட்டி அசைத்து இழுக்காதீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

7. நம்புவதற்கு முன் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். புது டிஸ்க் வந்த அன்றே பழையதிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தயாரிப்புக் குறையோ, வழியில் பட்ட அடியோ இருந்தால் அது பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே வெளிப்படும். மாற்றித்தரும் காலக்கெடு முடிவதற்குள் அதை வெளிப்படச் செய்வதுதான் நம் வேலை.

டிஸ்க்கை மாட்டுங்கள். 2 டி.பி.க்கு மேல் என்றால் விண்டோஸ், டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் குறிக்க எம்.பி.ஆர். முறை வேண்டுமா ஜி.பி.டி. முறை வேண்டுமா என்று கேட்கும்போது ஜி.பி.டி. என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் 2 டி.பி.க்கு மேற்பட்ட இடம் கண்ணில் படாது.

அடுத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியல் அதில் தெரியும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அந்த எண்களை முதலில் 16இன் அடிமானத்தில் காட்டும். மெனுவில் அதைப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். பட்டியல் நீளமாக இருந்தாலும் நமக்கு வேண்டியது ஐந்தாறு வரிதான்.

9ஆம் எண் டிஸ்க் ஓடிய மணி நேரம். புதியதில் இது பூஜ்யமோ, அதை ஒட்டியோ இருக்க வேண்டும். 5ஆம் எண், கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த பகுதிகள். 197, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் பகுதிகள். 198ம் 187ம் திருத்த முடியாத பிழைகள். புது டிஸ்க்கில் இவை எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

199 மட்டும் வேறு கதை. ஒருமுறை என் கணினியில் அது நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. டிஸ்க் போய்விட்டது என்று பதறிப்போய் புது டிஸ்க்குக்கு விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைவதைச் சொல்லும் எண். குற்றவாளி, முனை தளர்ந்த ஒரு சாட்டா கேபிள். கேபிளை மாற்றியதும் எண்ணிக்கை நின்றுவிட்டது. ஏறிய எண் இறங்காது, அங்கேயே நிற்கும். மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

இனி டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதவைக்க வேண்டும். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது 'குயிக் ஃபார்மட்' என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகும். 4 டி.பி. டிஸ்க் நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் எழுதினால்கூட ஏழரை மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். போர்ட்டபிள் டிஸ்க் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 போன்ற கருவிகளால் நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். 4 டி.பி. என்று சொல்லி உள்ளே மிகச் சிறியதை வைத்து விற்கும் போலிகள் இதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் டிஸ்க் தன்னையே முழுக்கப் படித்துப் பார்க்கும் ஸ்மார்ட் நீள்சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள், அதுவும் மணிக்கணக்கில் ஓடும். எல்லாம் முடிந்ததும் 5, 197, 198 மறுபடி பாருங்கள். இன்னும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் தேறிவிட்டது. இரண்டு மூன்று வாரம் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள், அதுவரை பழைய டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

எண்கள் சுத்தமாக இருந்தால் ஆயுள் கெட்டி என்றும் எண்ணிவிட வேண்டாம். கூகுள் 2007இல் தன்னிடம் ஓடிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: சோதனை ஓட்டத்தில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. பிழை வந்தால் நிச்சயம் நம்புங்கள். பிழை வராததை அந்த அளவுக்கு நம்பாதீர்கள்.

8. இரண்டாவது டிஸ்க்

தலைப்புக்கு வந்துவிட்டேன். ஒரு விலை உயர்ந்த டிஸ்க்கைவிட இரண்டு நடுத்தர டிஸ்க்குகள் பாதுகாப்பு. ஒன்று கணினிக்குள் எப்போதும் இருக்கும். மற்றது வெளியே, பேக்கப் எடுக்கும் நேரத்தில் மட்டும் மாட்டி, முடிந்ததும் கழற்றி வைப்பது. கழற்றி வைப்பது முக்கியம். கணினிக்குள் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால் மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும். மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்தே போகும். அலமாரியில் இருக்கும் டிஸ்க்குக்கு இரண்டுமே தெரியாது.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே மாடலில் வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் செய்தவற்றுக்கு ஒரே குறை இருக்கலாம். வெவ்வேறு கம்பெனி என்றால் இன்னும் நல்லது. பேக்கப்புக்கான டிஸ்க் எஸ்.எம்.ஆராக இருந்தாலும் பரவாயில்லை, முதல் தடவைதான் நேரம் எடுக்கும். முடிந்தால், உயிரைப் போன்ற சில ஃபைல்களின் மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று 3-2-1 கணக்கு சொல்வார்கள். தீயும் திருட்டும் டிஸ்க்கின் தரத்தைப் பார்த்து வருவதில்லை.

'ரெய்ட் 1 போட்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதவைத்தால் போதாதா?' என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதாது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் நடக்கத்தான் ரெய்ட் உதவும்.

விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் இருக்கின்றன, வேறு மென்பொருள் தேடி அலைய வேண்டாம். மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய போட்டோவைத் திறந்து பாருங்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் பேக்கப் எடுத்தவர், தேவைப்பட்ட நாளில் திறந்தபோது காலி ஃபோல்டரைப் பார்த்து நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

9. ஓடும் காலத்தில்

டிஸ்க்கைக் கேபினட்டில் திருகு போட்டு இறுக்குங்கள், தொங்கவிடாதீர்கள். வெப்பம் 60 டிகிரி வரை தாங்கும் என்று பல மாடல்களின் தாளில் இருந்தாலும் 45க்குள் வைத்திருப்பது நிம்மதி. முன்பக்க மின்விசிறியில் தூசு அடைத்திருந்தால் ஊதி எடுங்கள். மின்சாரம் அடிக்கடி போய் வரும் இடமானால் யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். 5ஆம் எண் ஒன்றோ இரண்டோ ஏறி அங்கேயே நின்றால் கவனியுங்கள். வாரா வாரம் ஏறினால் அன்றே புது டிஸ்க் வாங்குங்கள்.

'டிக்… டிக்… டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் முனை தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது என்று பொருள். பேக்கப் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் மேலும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், அந்த ஒவ்வொரு முறையும் தட்டு கீறப்படலாம். உடனே அணைத்து, தகவல் மீட்பில் அனுபவம் உள்ளவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும், தட்டினால் சரியாகும் என்றெல்லாம் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம், உள்ளே விழும் ஒரு தூசு அந்த முனைக்கு மலை.

சத்தம் இல்லாமல் பிழை மட்டும் காட்டும் டிஸ்க் என்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதைச் 'சரிசெய்ய' முயலாமல், மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள், பிறகு அடுத்தது. லினக்ஸ் தெரிந்தவர் அருகில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்று கேளுங்கள். படிக்க முடிந்ததை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிக்குப் பின்னால் திரும்பி வரும் கருவி அது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டிஸ்க்கைக் கணினிக்குள் மாட்டும் முன் அதன் லேபிளைக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். வாரண்டி கேட்கும் நாளில் சீரியல் எண்ணுக்காகக் கணினியைத் திறக்க வேண்டியிருக்காது. பேக்கப் டிஸ்க்கின் முதுகில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வாங்கிய தேதியையும் கடைசியாகப் பேக்கப் எடுத்த தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் டிஸ்க்கில் இரண்டாவது தேதியை அழித்து அழித்து அந்தக் காகிதமே கிழிந்துவிட்டது. நேற்றுதான் புதிதாக ஒட்டினேன்.